எட்டு லிட்டர்

உல்சான்,
அக்டோபர் 12

அன்புள்ள இன்ஹோ,

இருமல் நின்றதா என்பதை முதலில் எழுதுங்கள். மணல் காற்றில் முகமூடி போடாமல் வேலை பார்க்கிறீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களாம். அத்தை எனக்குப் போன் செய்து, நான்தான் முகமூடியை ஒளித்து வைத்ததுபோலத் திட்டினார்.

குவைத்திலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் பேசினால் நாம் இருவரும் வானிலை அறிக்கை வாசிக்கிறவர்களாக ஆகிவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். சரிதான். நானும் எழுதியே பதில் சொல்கிறேன். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் குழுத் தலைவர் ஆக்குகிறார்கள். டிசம்பர் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். புரிந்தது. கடைசியில் "உன் விருப்பம் எதுவோ அதுவே என் விருப்பம்" என்று முடித்திருக்கிறீர்கள். மெய்ப்பு பார்க்கிற கண்ணோடு அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடத் தோன்றியது. இன்னும் நாள் இருக்கிறது. யோசித்து எழுதுகிறேன்.

வேறு ஒரு செய்தி. பால்கனியில் துணி போர்த்திக் கிடந்த உங்கள் பீர் காய்ச்சும் மெஷினை ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் தெரியாது. அச்சகத்திலிருந்து அடுத்த நூலின் பக்கங்கள் வரவில்லை, கை சும்மா இருந்தது. உங்கள் நோட்டில் எல்லா அளவும் இருபத்துமூன்று லிட்டருக்கு இருந்தது. நான் ஒருத்தி இருபத்துமூன்று லிட்டரை என்ன செய்வேன்? முளைகட்டிய பார்லி மால்ட், தண்ணீர், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ எல்லாவற்றையும் மூன்றால் வகுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

மால்ட் போடும் உள்கூடை அடித்தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வகுத்து ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதி கூடைக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே மால்ட் மழையில் நனைந்த கோணிபோலக் கிடந்தது. பம்பைப் போட்டால் தண்ணீர் ஏறி நனைக்கும் என்று போட்டேன். மாவெல்லாம் வலை வழியே கீழே இறங்கி, சூடேறும் தட்டில் ஒட்டிக் கருகிவிட்டது. மெஷின் தானாக நின்றது. அதை மறுபடி உயிர்ப்பிக்கிற பொத்தான் அடிப்பாகத்தில் இருக்கிறது. உள்ளே கொதிக்கக் கொதிக்கச் சாறு இருக்கும்போது அதைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது. கரண்டியால் மொண்டு மொண்டு வெளியே எடுத்தேன்.

அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துவிட்டது. மூன்றாம் கட்டடத்தில் ஏதோ கருகுகிறது, குடியிருப்போர் அவரவர் அடுப்பைப் பார்க்கவும் என்று. காவலாளி மேலேயே வந்தார். "அடேங்கப்பா, என்னம்மா இது, கஷாயம் காய்ச்சுற அண்டாவா?" என்றார். பீர் என்றேன். அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கீழ கடையிலதான் அடுக்கி வச்சிருக்கானே, லிஃப்டும் வேலை செய்யுதே" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தாசுல்


உல்சான்,
நவம்பர் 2

அன்புள்ள இன்ஹோ,

உங்கள் குறுஞ்செய்தி கண்டேன். அவசரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை எழுதியிருந்தீர்கள்.

இரண்டாவது முறை சரியாக வந்தது. கூடைக்கு அடியில் நிற்கும் தண்ணீரைத் தனியாக அளந்தேன்: ஐந்து லிட்டர். எவ்வளவு குறைவாகக் காய்ச்சினாலும் அந்த ஐந்து லிட்டர் குறையாது. அதை ஊற்றிவிட்டு, அதற்கு மேல்தான் மால்ட்டுக்கான தண்ணீரைக் கணக்கிட வேண்டும். மால்ட்டைக் கொஞ்சம் கொரகொரப்பாக உடைத்தேன். முதல் பத்து நிமிடம் பம்பைத் தொடவே இல்லை, அது படியட்டும் என்று விட்டேன். அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு கூடையைத் தூக்கி வடியவிட்டு, வெந்நீரால் அலசி, வடிந்த சாற்றைக் கொதிக்கவைத்தேன். மூடியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று நீங்கள் சிவப்பு மையில் மூன்று கோடு போட்டு எழுதியிருந்தது உதவியது. கடைசியில் எட்டு லிட்டர் கிடைத்தது. நோட்டில் உங்கள் கணக்குக்கு எதிர்ப்பக்கத்தில் என் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன்.

குளிர்ந்த பக்குவத்தில் நொதிக்கிற ஈஸ்ட் என்பதால் சாற்றை வாளியில் ஊற்றி, கிம்ச்சி ஊறுகாய்க்கென்று இருக்கும் ஃப்ரிட்ஜின் இடப்பக்க அறையில் வைத்திருக்கிறேன். அது ஆகஸ்டிலிருந்து காலிதான். வெப்பநிலைக் கருவியைப் பத்து டிகிரிக்கு வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது வாளி மூடியின் குழாயில் குமிழி வரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இரண்டு வாரம் நொதித்தபின் சுழியத்துக்குப் பக்கத்தில் குளிரவைத்து, டிசம்பர் நடுவரை வைத்திருக்க வேண்டும்.

எட்டாவது மாடிப் பெண் லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். வாசனைக்காகச் சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, தப்பா நினைக்காதீங்க, போன தடவை மாதிரி கருக விடாம நேத்து காய்ச்சினீங்களே, அந்த வாசனைக்கு எங்க வீட்டுக்காரர் சோத்தை வச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வருஷமும் கிம்ச்சி மிஞ்சுமா?" என்று கேட்டாள். போன வருடம் அத்தை அனுப்பிய ஆறு டப்பாவில் மூன்றை, புளித்துப்போவதற்குள் ஆகஸ்டில் அவளிடம்தான் கொடுத்தேன். அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். "வாருங்கள்" என்று எழுதினால் நீங்கள் விட்டுவிட்டு வந்த பதவி இந்த வீட்டில் நம்மோடு குடியிருக்கும். "இருங்கள்" என்று எழுதினால் அதைச் சொன்னவள் நான் என்று ஆகும். இரண்டில் எதை எழுத உட்கார்ந்தாலும் வேறு வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

தாசுல்


உல்சான்,
டிசம்பர் 1

அன்புள்ள இன்ஹோ,

இது பதினைந்துக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை குளிர்காலக் கிம்ச்சி போட்டோம். உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் முந்தின நாளே பெட்டிகளில் வந்துவிட்டது. இந்த வருடம் கூரியரில் அனுப்ப மாட்டேன், நானே வருகிறேன் என்று அத்தை மிளகாய்க் கலவையை வாளியில் கட்டி, மிர்யாங்கிலிருந்து பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவன் இரண்டு நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய்விட்டானாம். அதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தார். "இதென்ன வாளி?" என்றார். சொன்னேன். "கிம்ச்சி ஃப்ரிட்ஜுல பீரா! என் பையன் ஒருத்தன்தான் கிறுக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன். பொருத்தம் பாத்துத்தான் கட்டி வச்சிருக்கேன்போல" என்றார். இன்னும் இரண்டு வாரம் குளிரில் இருக்க வேண்டும், அசைக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். வலப்பக்க அறை போதும், இந்த வீட்டுக்கு இரண்டு டப்பா போட்டால் போதும் என்றும் சொன்னேன்.

அத்தை கையுறையைப் பாதி மாட்டியபடியே நின்றார்.

"ரெண்டா? ரெண்டு டப்பா ஒரு ஆளு திங்குறது. இப்ப போடுறதுதான் அடுத்த கோடை வரைக்கும். பிப்ரவரியில என் பையன் வந்து எதைத் திம்பான்? இல்ல, வரமாட்டான்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

நாங்கள் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்றேன். அது உண்மை. ஆனால் இரண்டு என்று சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. அதுவும் உண்மை. இரண்டு மாதமாக என்னால் எழுத முடியாத பதிலை வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், அவங்கிட்ட சொல்லிக்கோ. இந்தக் கோஸை நான் என்ன பண்றது, அதை மட்டும் இப்பச் சொல்லு. தண்ணி வடிஞ்சு காஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார்.

ஆறு என்றேன்.

இருவருமாகப் பீர் வாளியைத் தூக்கிப் பால்கனியில் வைத்தோம். அடியில் படிந்ததெல்லாம் கலங்கிவிட்டது. அவித்த பன்றி இறைச்சியும் புதுக் கிம்ச்சியுமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, கலங்கியதுதானே என்று அத்தைக்கு ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்தேன். "கேஸ் போன சோடா. அரிசி கழுவின தண்ணி நிறம்" என்றார். கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

அவர் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். நான் எழுதப்போவது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். முதல் வருடம் வீடு பெரிதாகத் தெரிந்தது. இப்போது அளவாக இருக்கிறது. கட்டிலின் நடுவில் படுக்கிறேன். சோறு ஒரு பிடிதான் வைக்கிறேன், மிஞ்சுவதில்லை. வெள்ளிக்கிழமை உங்கள் அழைப்பு தாமதமானால் முன்பு போனைக் கையிலேயே வைத்திருப்பேன். இப்போது பக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஜூன் மாதம் நீங்கள் பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்தபோது, ஒன்பதாம் நாள் நாட்காட்டியைப் பார்த்தேன். நாள் குறைந்துவிட்டதே என்று பார்க்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் வேறு வேலை பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் விருப்பத்தைக் கேட்டிருந்தீர்கள். நான் தனியாக இருக்கத் திண்டாடுகிறேன் என்று எழுதினால் நீங்கள் உடனே கிளம்பி வருவீர்கள். அப்படி எழுத முடியவில்லை. எனக்குத் திண்டாட்டம் எதுவும் இல்லை. நன்றாகவே சமாளிக்கிறேன். இன்னும் இரண்டு வருடம் போனால் சமாளிப்பதற்குக்கூட ஒன்றும் இருக்காது.

ஆகையால் கையெழுத்துப் போடாதீர்கள். பதவி போனதற்கு என் பேரில் கோபித்துக்கொள்ளுங்கள், அந்தக் கோபத்தோடு இங்கே வந்து இருங்கள். நீங்கள் வந்த முதல் சில வாரங்கள் நான் சரியாகப் பேச மாட்டேன், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். அதைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போய்விடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
தாசுல்