கதவைத் திறக்காதே என்று கத்தியவள்

அக்கா,

நேற்று மத்தியானம் டிவியில் உனக்குப் பிடித்த மாதிரி ஒரு படம். தனி வீடு, உள்ளே ஒரு பெண், வெளியே முகமூடி போட்ட ஆட்கள். அவள் தாழ்ப்பாளில் கை வைத்ததும் டிவியை அணைத்துவிட்டேன். அதற்குமேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இந்த மாதிரிப் படம் என்றால் உனக்கு உயிர். தொண்டாமுத்தூர்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என்னையும் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போவாய். நான் பயந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வேன். நீயோ திரையைப் பார்த்துச் சத்தம் போடுவாய். "அட கூறுகெட்டவளே, கதவத் தொறக்காத! யாருன்னு கேட்டுப்போட்டுத் தொறக்கோணும்னு தெரியாதா?" முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். வீடு திரும்பும்வரை பஸ்ஸிலும் அவளைத்தான் திட்டிக்கொண்டு வருவாய்.

அப்பேர்ப்பட்ட நீயும் யாரென்று கேட்டுத்தான் திறந்திருப்பாய். மாமா உரக்கடைக்குப் போயிருந்த பட்டப்பகல். வந்தவர்கள் தேங்காய் விலை பேச வந்தோம் என்று சொல்லியிருப்பார்கள். மாமா திரும்பி வந்தபோது நீ தரையில் கிடந்தாய், கழுத்தில் சங்கிலி இல்லை. பக்கத்தில் மோர் குடித்த இரண்டு டம்ளர்கள். உன்னைக் கொல்ல வந்தவர்களையும் "வாங்க, உக்காருங்க" என்றுதானே கூப்பிட்டிருப்பாய்?

விசாரிக்க வந்த போலீஸ்காரர், "தெரியாதவங்களுக்கு எதுக்குங்க கதவத் தொறந்தாங்க?" என்று கேட்டார். மாமா, "ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம எப்படீங்க?" என்றார்.

இங்கே துடியலூரில் நான் இரும்புக் கதவு போட்டுவிட்டேன். போன வாரம் உச்சி வெயிலில் ஊதுபத்தி விற்கிற பெண் ஒருத்தி வந்தாள், நிறைமாதம். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவள் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். மனசு கேட்காமல் செம்பில் தண்ணீர் எடுத்து, பூட்டுகளைத் திறந்து வெளியே வருவதற்குள் தெருக்கோடிக்குப் போய்விட்டாள்.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்குள் வந்துவிடுவாளோ என்ற பயம். நீ போனபின் எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பயம் ஒன்றுதான் அக்கா. ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தாகத்தோடு அனுப்பிவிட்டு, செம்பும் கையுமாக வாசலில் நின்று அழுதேன்.