வரிக்கு வரி

நைனா,

இன்று காலை மைதா பசை நாற்றம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எதிர்ச் சுவரில் போஸ்டர். அதே வடநாட்டுத் தலைவர், அதே அம்பத்தூர் மைதானம். கும்பிட்ட கைமேல் பசை வழிந்துகொண்டிருந்தது. அவர் கட்சியின் வட்டச் செயலாளர் வாளியைத் தாண்டி வந்து, "தம்பி, உங்க நைனா இருந்தா அவரத்தான் இட்டாந்திருப்போம். உனக்கும் இந்தி வரும்ல? அவரு பேசுறத வரிக்கு வரி தமிழ்ல சொன்னா போதும்" என்றார்.

வரிக்கு வரி. உன்னிடமும் இதையேதான் சொன்னார்.

பம்பாயிலிருந்து நாம் வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. கொரட்டூர் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் காய்ந்து கிடந்தது. "நைனா, வாயத் தொறக்காத. உன் நாக்குலயும் தார் பூசிடப் போறானுங்க" என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். கடைசியில் அந்த நாக்குதான் உனக்கு வேலை வாங்கித் தந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியிலிருந்து வடக்கே போகும் மரப்பெட்டிகளின் மேல் கான்பூர், லூதியானா, டெல்லி என்று இந்தியில் எழுதும் வேலை. சட்டை முழுக்கக் கறுப்பு மை. "தாருக்குத் தப்பிச்சு மையில மாட்டிக்கினியே" என்று கிண்டல் செய்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மைதானத்து மேடையில், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல நீ நின்றாய். தலைவர் இந்தியில் முழங்கினார்: "இந்த மாநிலத்துக்கு டெல்லியிடம் கை நீட்டி வாங்கத்தான் தெரியும். நாட்டுக்கு இது கொடுத்தது என்ன? வெறும் பேச்சு!"

கூட்டத்தில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான். நீ என்னைப் பார்த்தாய். மைக்கைப் பக்கத்தில் இழுத்தாய்.

"தலைவர் இன்னா சொல்றாருன்னா... அம்பத்தூர்ல அடிக்கிற சுத்தியல் சத்தம் டெல்லி வரைக்கும் கேக்குதாம்! பஞ்சாப்ல சைக்கிள் ஓட்றவன் நம்ம செயினத்தான் மிதிக்கிறானாம்! எல்லையில நிக்கிற டாங்கி நம்ம ஆவடி டாங்கியாம்! டெல்லி கஜானாவே நம்ம கட்ற வரியிலதான் ரொம்புதாம்!"

விசில் வானத்தைப் பிளந்தது. தலைவர் திகைத்தார். பிறகு கும்பிட்டார். திட்டினால் கைதட்டுகிற ஊர் இது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் பலமாகத் திட்டினார். நீ இன்னும் பலமாகப் புகழ்ந்தாய். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திரும்பும் வழியில், "வரிக்கு வரின்னாங்களே நைனா! அவரு சொன்ன வரி ஒண்ணுகூட வரல. நம்ம கட்ற வரிதான் வந்துச்சு!" என்றேன். நீ சிரிக்கவில்லை. உனக்குச் சிரிப்பு வராத முதல் சிலேடை அதுதான்.

ஏன் என்று டீக்கடையில்தான் புரிந்தது. "பாத்தியா, வடக்கத்தியான் வாயாலயே நம்ம பெருமய சொல்லிட்டான். மனுசன்னா அவன்தான்யா!" என்று சொல்லி, அந்தத் தலைவர் படத்தைப் பால் சட்டிக்கு மேலே மாட்டினார்கள். அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாய்.

ஒருநாள் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னாய்: "தப்பு பண்ணிட்டேன்டா. அந்தாளு திட்டினத அப்படியே சொல்லியிருந்தா நான் ஒருத்தனா பதில் சொல்லியிருப்பேன்? மைதானமே சொல்லியிருக்கும். அந்த வாய நான்தான் அடைச்சேன். நம்ம ஊரு கைத்தட்டலயும் தூக்கி அவனாண்ட குடுத்துட்டேன்."

"அது மொழிபெயர்ப்பு இல்ல நைனா, பழிபெயர்ப்பு" என்று உளறினேன். நீ எழுந்து போய்விட்டாய். போன மழைக்காலத்தில் மார்ச்சளி உன்னைக் கொண்டுபோய்விட்டது. படம் இன்னும் பால் சட்டிக்கு மேலேதான் இருக்கிறது. நீ பேசியதை இன்றைக்கும் அந்தக் கடையில் அவர் பேசியதாகவே சொல்கிறார்கள். "பேசினது எங்க நைனா" என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்ததால் அதையும் ஜோக் என்று சிரித்தார்கள்.

செயலாளரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை வரிக்கு வரிதான். அவர் திட்டுகிற ஒரு சொல்லைக்கூட மறைக்கமாட்டேன். அவர் முடித்ததும் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு சொல்வேன்: "இவ்ளோ நேரம் தலைவர் சொன்னது. இனிமே எங்க நைனா சொன்னது."