கொக்கிக்குக் கீழே நின்றவன்

அன்புள்ள மாடிக்காரனுக்கு,

கீழே நிற்பவன் எழுதுவது. உனக்கு உடம்பு தேறிவருகிறது, கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு மறுபடி நுழைகிறது என்று உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, சொன்னாள். கேட்க நிம்மதியாக இருந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்தில் அவள் இருப்பாள். அதனால்தான் கடிதம்.

நீ எழுதியது கிடைத்தது. உன் கிரேனிலிருந்து கம்பிக் கட்டு என் பக்கமாக இறங்கிய அன்று காற்று பலமாக இருந்தது என்று விசாரணையில் நான் சொல்ல வேண்டுமாம். நீ தினமும் இதய மாத்திரை போட்டதற்கு நானே சாட்சி என்றும் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் கிரேனில் புதிதாக ஒருத்தர் ஏறுகிறார். நல்ல மனிதர்தான். வாக்கி-டாக்கியில் என்னை சார் என்கிறார். உன் திட்டு கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒட்டவே இல்லை. அவருக்காகக் கேபினை ஒழித்துக் கொடுக்க நான்தான் ஏறினேன். எனக்கு உயரம் என்றால் என்ன பாடு என்று உனக்குத் தெரியும். பாதி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்தேன். இதைத் தினமும் ஏறுகிறவனை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. சீட்டுக்கு அடியில் பழைய வாக்கி-டாக்கி உறையைப் பார்க்கும் வரைக்கும்.

உள்ளே மாத்திரைகள். எச்சிலில் பாதி கரைந்து, துணியோடு ஒட்டி, காய்ந்து கிடந்தன. தினமும் காலையில் டீயோடு என் கண் முன்னால்தான் வாயில் போடுவாய். எங்கே வாயைத் திற பார்க்கலாம் என்பேன். நீயும் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டுவாய். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டா அப்படிச் சிரித்தாய்? மேலிருந்து வீசினால் என் ஹெல்மெட்டில் விழும் என்றுதான் உறைக்குள் சேர்த்து வைத்தாயா?

உறையை நம் சைட் நர்ஸம்மாவிடம் எடுத்துப் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். இதயம் சோர்ந்து போனால் உடம்பு தப்புக்கணக்குப் போடுமாம். "ரத்தம் போதலைன்னு நினைச்சுக்கிட்டு குழாயை எல்லாம் இறுக்கும், உப்பையும் தண்ணியையும் வெளியே விடாது, ஏற்கெனவே முடியாத இதயத்தை இன்னும் ஓடு ஓடுன்னு விரட்டும். நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணும்" என்றார். மாத்திரைகள் அந்தத் தப்பைத்தான் தடுக்கின்றனவாம். ஒன்று, குழாய்களை இறுக்கச் சொல்லும் கட்டளையை மறித்து அவற்றைத் தளர்த்துகிறது. பிரஷர் இறங்கும், இதயம் தள்ள வேண்டிய பாரமும் குறையும். பாரம் குறைந்தால் மோட்டார் எப்படி முனகாமல் இழுக்கும் என்று உனக்கா சொல்லித்தர வேண்டும்? இன்னொன்று நீர் மாத்திரை. தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்கிவிடும். அது இல்லாவிட்டால் நீர் காலில் இறங்கும், பிறகு நுரையீரலுக்கு வரும்.

டாக்டர் எழுதிய மூன்றாவது மாத்திரை உறையில் இல்லை. விரட்டலில் இருந்து இதயத்தைக் காத்து, துடிப்பை நிதானமாக்கி, மாதக்கணக்கில் மெல்லத் தேற்றுவது அது. அதை மட்டும் விழுங்கியிருக்கிறாய். ஏன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக ஏணி இறங்க வேண்டும். குழாயைத் தளர்த்துவது போட்டால் ஏணியில் தலை கிறுகிறுக்கும். மூன்றாவது உன்னை இறங்கச் சொல்லவில்லை. அதனால் அதற்கு மட்டும் தொண்டையில் இடம் கொடுத்தாய்.

டாக்டரிடம் வாயைத் திறந்திருந்தால் நேரத்தை மாற்றியிருப்பார், அளவைப் பார்த்திருப்பார் என்றார் நர்ஸம்மா. "கிரேன்ல இருந்து இறக்கிடுவாங்கன்னுதானே பயந்தார்" என்றும் கேட்டார். நான் உறையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

எனக்கும் ஒன்றும் தெரியாமல் இல்லையடா. பெரிய சைஸ் ஷூ வாங்கினாய், இந்த வயதிலும் கால் வளர்கிறதா என்று கேலி செய்தேன். வாக்கி-டாக்கியில் புஸ்புஸ் என்று கேட்டது, மேலே காற்று என்று நினைத்தேன். அது உன் மூச்சு. அன்றைக்கு நிறுத்து, நிறுத்து என்று நான் கத்தக் கத்தக் கம்பிக் கட்டு இறங்கியபோதுகூட ரேடியோதான் பழுது என்று நினைத்தேன். மேலே நீ மூச்சு முட்டித் தவித்திருக்கிறாய். உன்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு எட்டு தள்ளி நின்றதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உன் சொல்லை நம்பித்தானே இத்தனை வருஷம் தலைக்கு மேல் பாரத்தை விட்டுக் கீழே நின்றேன்? அதைக்கூட விட்டுத்தள்ளலாம். தங்கச்சி போன் செய்த ஒவ்வொரு தடவையும், என் கண்ணால் பார்த்தேன் அம்மா, போட்டுவிட்டான் என்று சொன்னேன். அவள் நிம்மதியாகத் தூங்கினாள். என் வாயை வைத்தே அவளை ஏமாற்றிவிட்டாய். அதுதான் ஆறவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நேற்றே விசாரணை முடிந்துவிட்டது. காற்று இல்லை என்று சொன்னேன். உறையை மேசை மேல் வைத்தேன். இனி உன்னை மேலே ஏற்ற மாட்டார்கள். நீ என் முகத்தில் முழிக்காமல் போனாலும் போ. சாமான் கிடங்கில் ஒரு வேலை இருக்கிறது, டாக்டர் சரி என்றால் தரலாம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். கிடங்கு தரையில்தான் இருக்கிறது, பக்கத்திலேயே கழிவறையும் இருக்கிறது.

தங்கச்சியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். மூன்றையும் டாக்டர் சொன்னபடி போடு, தலை கிறுகிறுத்தால் அவரிடமே சொல். நாளைக்கு அவள் போன் செய்து, போட்டாரா அண்ணா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அவளிடம் அப்படிச் சொல்ல வைத்துவிடாதே.

நல்லபடியாக இரு.

இன்னும் கீழேயே நிற்கும்,
உன் நண்பன்