கிணற்றில் ஊற்றிய பிளீச்

அக்டோபர் 30

என் கண்ணு ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நல்ல சுகம். நீயும் அந்தக் குவாம் தீவில் கப்பல் வேலை, வெயில் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஹாஸ்கல் பெரியவரின் வீட்டை வாங்க, அரசாங்கம் ஜாமீன் நிற்கிற கடன் கேட்டிருந்தேன் அல்லவா? நம்மைப் போல நாட்டுப்புறத்தில் இருப்பவர்களுக்கு முன்பணமே வேண்டாம், ஆனால் வீட்டைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். கூரை சரி, படிக்கட்டுக் கைப்பிடி சரி, உரிந்த பெயிண்டைப் பெரியவரே சுரண்டிப் பூசிவிட்டார். பாக்கி கிணற்றுத் தண்ணீர்தான், அது நல்ல தண்ணீர் என்று தாள் வந்தால்தான் கடன். அங்கேதான் உன் அம்மா தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினாள். வெண்டல் மாமா வந்து, "அக்கா, ஒரு கேன் பிளீச்சைக் கிணத்துல ஊத்திவிடு, ஒரு கிருமி மிஞ்சாது, நூத்துக்கு நூறு வாங்கிடலாம்" என்றான். நானும் ஊற்றித் தொலைத்தேன். மறுநாள் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பெண் குழாயைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, இது கிணறா நீச்சல் குளமா? இதுல நான் என்னத்தைச் சோதிக்கிறது? பிளீச் சுத்தமாப் போகட்டும், அப்புறம் கூப்பிடுங்க" என்று காலி பாட்டிலோடு போய்விட்டாள். அன்று சாயங்காலமே ஹாஸ்கலின் போன். லெக்சிங்டன் பட்டணத்துக்காரர் ஒருவர் முழு ரொக்கத்தோடு நிற்கிறாராம், மான் வேட்டைக்கு வந்தால் தங்க வீடு வேண்டுமாம். "இருபதாம் தேதிக்குள்ள தண்ணித் தாளைக் காட்டு ஆர்லீன், அதுக்கு மேல என்னைத் திட்டாதே" என்றார். வருஷத்தில் பத்து நாள் தங்க அவனுக்கு ஒரு வீடு, நீ பிறந்ததிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறிய எனக்கு இல்லையா? உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு ரப்பர் குழாயை எடுத்தேன்.

பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்ததும் நேரே அங்கே போய், மோட்டார் புகைந்துவிடாமல் விட்டு விட்டுப் போட்டு, தண்ணீரை ரோட்டோரப் பள்ளத்தில் இறைத்தேன். போகிறவன் வருகிறவனெல்லாம் வண்டியை நிறுத்தி, "என்ன ஆர்லீன், மீன் வளக்கிறியா?" என்று கேட்டான். ஆமாம், தூண்டிலோடு வா என்றேன். வெண்டல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான், அவன் கையில் குழாயைக் கொடுத்து நிற்க வைத்தேன். பிளீச் இருந்தால் நிறம் மாறுகிற காகிதம் ஒன்று உண்டு. ஏழாம் நாள்தான் அது வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைத்தேன். பத்தொன்பதாம் தேதி தாள் வந்தது, தண்ணீர் நல்ல தண்ணீர். மழையில் நனைந்துகொண்டே அதைக் கொண்டுபோய் ஹாஸ்கலின் மேஜைமேல் வைத்தேன். இன்று காலை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. சாவி என் கோட்டுப் பையில் இருக்கிறது, இதை எழுதும்போதே இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஈரத் தலையோடு கடல்காற்றில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உனக்குத் துணையாக இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே. உன் முகவரிப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே எப்போதும் பென்சிலால்தான் எழுதுவாய், அழித்து மாற்ற வசதி என்று. அதை நான் பார்த்திருக்கிறேன், தப்பு சொல்லவில்லை. கீழே இருப்பதைப் பேனாவால் எழுதிக்கொள்.

உன் அம்மா
ஆர்லீன்
412, ப்ளம் கிரீக் சாலை, கென்டக்கி