பக்கத்து சீட் பெல்ட்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் கால்வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

சரக்கு விமானத்திலிருந்து என்னை இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்று முதல்முறையாக அதை ஓட்டினேன், தனியாக. பெரிய விமானத்தில் உயரத்தில் உட்கார்ந்து பழகிய கண், இறங்கும்போது அவசரப்பட்டுத் தரை வந்துவிட்டது என்றது. நம்பி விமானத்தின் மூக்கைத் தூக்கினேன், தரைக்கு மேலேயே வேகம் போய்த் தொப்பென்று விழுந்தது. பயப்படாதே, முதுகு மட்டும்தான் வலி. மெக்கானிக் ஓடிவந்து, "என்ன சார், மாடியிலயே இறங்கிட்டீங்க?" என்றார்.

தைலமும் என் பழைய தலையணையும் அனுப்பு. இருக்கை ரொம்பத் தாழ்வு.

ஆள் இல்லாவிட்டாலும் பக்கத்து சீட் பெல்ட்டை மாட்டிவிட வேண்டும். தொங்கினால் விமானத்தை ஓட்டும் கைப்பிடியில் சிக்கும். மாட்டிவிட்டு, காரில் உன்னிடம் கேட்பதுபோல, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். மெக்கானிக் காதில் விழுந்திருக்காது.

கண் சொருகுகிறது, நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்