வாள் ரோபோ தோற்கக் கூடாது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே பேய்க்காற்று. கொடியில் கிடந்த துண்டு பக்கத்து வீட்டு முருங்கையில். எடுக்கப் போகவில்லை. வேலை தலைக்கு மேல்.

வெள்ளிக்கிழமை நாங்கள் உருவாக்கிய ரோபோச் சண்டை வீடியோ கேமைச் சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஆடிப் பார்க்கிறார்கள். பிடித்தால் வெளியிடுவார்கள். பிடிக்காவிட்டால் நஸ்ரினும் நானும் பாடுபட்டதெல்லாம் அம்போ.

சிக்கல் ஒன்றுதான். வாள் ரோபோ கிட்டே போனால்தான் வெட்ட முடியும். துப்பாக்கி ரோபோ நின்ற இடத்திலிருந்தே சுடும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வாளை எவன் எடுப்பான்?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் உரக்கடையிலிருந்து வந்ததும் ஆடினோம். நான் வாள், இவர் துப்பாக்கி. ஆளுக்குப் பாதி ஜெயித்தோம். கச்சிதம்! கேசரி கிண்டினேன்.

ஜூலை 9, புதன்

உத்தமபாளையத்திலிருந்து நஸ்ரின் வந்தாள். ரோபோக்களை வரைவது அவள். இன்று துப்பாக்கியும் அவள்தான். ஒரு தடவைகூட என்னை நெருங்க விடவில்லை. பாதி வழியிலேயே பொசுக்கினாள் பாவி.

"அக்கா, இதுல சமம் எங்கன இருக்கு? நேத்து அண்ணே எப்படித் தோத்தாக?"

இவர் வந்ததும் பிடித்து உலுக்கினேன். முதலில் மழுப்பல். பிறகு, "நீ ஓடியாரப்ப எப்படிப் புள்ள சுடுறது? கை வரல."

"அது நான் இல்லைங்க, இரும்பு!"

"உள்ள இருக்குறது நீதான?"

கோபம் கோபமாய் வந்தது. சிரிப்பும். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு எதைச் சோதிப்பது? ஆனாலும் மனசு குளிர்ந்துதான் போயிற்று. அவரிடம் சொல்லப்போவதில்லை.

ஜூலை 10, வியாழன்

வாளின் வெட்டுப் பலத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரே வெட்டில் ஆள் காலி, துப்பாக்கிக்கு வேலையே இல்லை. பழையபடி குறைத்தேன். வாளுக்கு வேண்டியது பலம் இல்லை, கிட்டே போக ஒரு வழி. பாயும் நேரம் மட்டும் அதன் மேல் குண்டு ஏறாது என்று வைத்தேன். பாய்ந்து குறி தப்பினால் கொஞ்சம் தடுமாறி நிற்கும், அப்போது சுடலாம்.

நடுவில் கரண்ட் போனது. பால் வாங்க மறந்தேன்.

சாயங்காலம் இவரிடம், "இன்னைக்கும் விட்டுக்கொடுத்தீங்க, மார்க்கையன்கோட்டைக்கு, எங்க அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிருவேன்."

சுட்டார். ஆத்தாடி, என்னமாய்ச் சுட்டார்! முதலில் ஆடியதெல்லாம் அவருக்கே. "எப்புடி?" என்று மீசையைத் தடவல் வேறு.

கடைசி ஆட்டம். அவர் குண்டு நிரப்பும் நேரம் பார்த்துப் பாய்ந்தேன். ஒரே சீவு.

"போங்காட்டம்! இன்னொருக்கா ஆடு புள்ள!"

ஆடினோம். மறுபடியும் சீவினேன். கண்ட்ரோலரை மெத்தையில் எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டார். காபி கொடுத்தேன், வாங்கவில்லை. முகம் உர்ரென்று. நிஜக் கோபம்.

நஸ்ரினுக்கு போன் போட்டேன். வாள் சரியாகிவிட்டது.