கோதாவில் சொல்லாத கோணல்

மார்ச் 3

காலையில் இரண்டு படி பால் குடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் மைசூரில் வேறு எவன் குடிப்பான்? (ஒன்றரை. சரி, ஒன்று.)

எழும்போது அங்கே வலி. பதினைந்து நாளாக இப்படி. மேல்பக்கம் தோலுக்கு அடியில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு கெட்டி. விறைக்கும்போது அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு வளைகிறது. தசராக் குஸ்தியில் கோலாப்பூர்க்காரனைத் தூக்கி எறிந்தவனுக்கு இது ஒரு சுளுக்கு, அவ்வளவுதான்.

மார்ச் 9

கோதாவில் சுளுக்குக்கு என்ன செய்வோம்? இழுத்து நேராக்கி, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்த மாவு குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவோம். ஆயிரம் கைகளுக்குக் கட்டியிருக்கிறேன். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எனக்கே கட்டினேன். மூங்கிலுக்குப் பதில் ஐஸ்கிரீம் குச்சி. மேலே லங்கோடு, இறுக்கமாக. வலித்தது. பயில்வானுக்கு வலி என்ன புதுசா.

ஏப்ரல் 2

தினமும் இழுத்து இழுத்துக் கட்டியதில் கடலைப்பருப்பு மொச்சைக்கொட்டை ஆகிவிட்டது. வளைவும் கூடிவிட்டது. நீலம்மா பக்கத்தில் வந்து படுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 20

கேட்டேவிட்டாள். "ரெண்டு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. கட்டின பொண்டாட்டி கசந்துட்டேனா? வெளிய எவளாவது இருக்காளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டது? மீசையைத் தடவினேன். "நஞ்சன்கூட்டுல ஒருத்தி. பூக்கடை வச்சிருக்கா. நான்னா உசுரு."

கோணல்காரன் என்று தெரிவதைவிட இது மேல் இல்லையா? கோதாவிலும் சொல்லிவைத்தேன். என்னோடு மண்ணில் புரண்டு வளர்ந்த மாதப்பா தொடையைத் தட்டினான். "இந்த வயசுலயுமாடா கெம்பய்யா!"

ஏப்ரல் 23

நீலம்மா சாமராஜநகரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ராகி மாவு டப்பாவை நிரப்பிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

ஜூன் 18

டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். கீழே பார்க்கும் முன்பே என் கையைப் பார்த்தாள், மடங்கிப்போன மோதிர விரலை. கோலாப்பூர்க்காரன் ஒடித்தது என்றேன். ஊரெல்லாம் அறிந்த கதை.

அவள் உள்ளங்கையில் உருண்டிருந்ததை அழுத்தினாள். "யாரும் ஒடிக்கல அங்கிள். உள்ள நார் மாதிரி தடிச்சு இழுக்குது. கீழயும் அந்த மாதிரிதான். சில குடும்பத்துல வரும். உங்க அப்பாவுக்கு விரல் இப்படி இருந்துச்சா?"

இருந்தது. புலி கடித்தது என்பார்.

கட்டுப் போட்டதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "இது எலும்பா என்ன, இழுத்துக் கட்ட? வளைச்சு நிமித்தினா உள்ள காயமாகும், தழும்பு இன்னும் தடிக்கும்."

வலி அடங்கி, வளைவு மாறாமல் நிற்க வேண்டுமாம். ஒரு வருஷம் ஆகலாம். அதன் பிறகுதான் ஆபரேஷன். நேராகும், நீளம் கொஞ்சம் குறையும் என்றாள், புடவை விலை சொல்வது போல.

செப்டம்பர் 30

தடிப்புக்குள்ளேயே ஊசி. இன்று ஆறாவது. கோதாவில் கேட்டார்கள், சர்க்கரைக்கு என்றேன். வலி போய்விட்டது. வளைவு அப்படியே.

மறு ஆண்டு, ஜூன் 24

ஆபரேஷனுக்கு முன்பு மனைவியிடமும் பேச வேண்டும் என்றாள் டாக்டர். நீலம்மா வந்தாள். ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டி, ஐஸ்கிரீம் குச்சி, இல்லாத நஞ்சன்கூட்டுக்காரி. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமல்.

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அவளுக்காகத்தான நேராக்கிக்கறீங்க?"

ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போனாள்.

செப்டம்பர் 2

நேராக இருக்கிறது. ஒரு விரலகலம் குறைந்துவிட்டது. (அரை என்று எழுதி அடித்தேன்.)

கோதாவுக்குப் போனேன். "என்னடா, நஞ்சன்கூடு எப்படி இருக்கு?" என்றான் மாதப்பா.

"அப்படி யாருமே இல்லடா. நான் கட்டிவிட்ட கதை."

மண்ணில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"வயசானதும் அடக்கம் வந்துருச்சு பாரு," என்றான் மாதப்பா.